வெயிலின் மேல் பழி

சென்ற ஆண்டு கத்திரி தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும். ஒரு திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணி சுமாருக்கு நான் ஒரு வயதான பெண்மணியைப் பார்த்து 'போ' என்று சொன்னேன். இந்தக் கட்டுரை அந்த ஒரு சொல்லைப் பற்றியது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை பக்கமா என்று கேட்பவர்கள் வேறு கட்டுரைக்குப் போய்விடலாம்.

நான் காரைக்குடியில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. எங்கள் கிளையில் மின்சாரம் போனால் கம்ப்யூட்டர்கள் ஓடும், மின்விசிறிகள் நின்றுவிடும். யு.பி.எஸ். இணைப்பு அப்படிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இயந்திரம் நிற்கக் கூடாது. அதன் எதிரே உட்கார்ந்திருப்பவன் வேர்க்கலாம். (குளிர்சாதனம் இருப்பது மானேஜர் அறையிலும் ஏ.டி.எம். அறையிலும். இரண்டாவது, பணம் எண்ணும் பெட்டியின் சௌகரியத்துக்காக.) அன்று பதினொன்றரைக்கே மின்சாரம் போய்விட்டது. கவுண்டரைச் சுற்றி நாற்பது பேர். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு, சலானில் என் மணிக்கட்டு பட்ட இடத்தில் மை கலைந்துகொண்டிருந்தது.

'அந்தக் கிழவி' என்று முதலில் எழுதி, அடித்துவிட்டு, அந்த அம்மாள் என்று எழுதுகிறேன். அடித்ததையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை. பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர். கணக்கில் கே.ஒய்.சி. பழசாகி முடங்கிக் கிடந்தது. ஆதார் நகல் வேண்டும். அட்டை மட்டும் இருந்தது, நகல் இல்லை. 'ஜெராக்ஸ் இல்லாம எதுக்கு வந்து நிக்கிற? போ, எடுத்துட்டு வா' என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார். தெருக்கோடியில் ஜெராக்ஸ் கடை. எனக்கு ஐந்து நிமிஷ நடை. மின்சாரம் இல்லாதபோது அந்தக் கடையிலும் ஜெராக்ஸ் ஓடாது என்பது, யு.பி.எஸ்.ஸைப் பற்றி இவ்வளவு தத்துவம் பேசுகிற எனக்கு, அவர் போய்ப் பத்து நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது.

பக்கத்து நாற்காலி நண்பர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'விடுங்க சார், வெயில் அப்படி' என்றார்.

இந்த வாக்கியத்தை நான் நம்ப விரும்பினேன். நம் பேச்சில் இதற்கு நீண்ட வம்சாவளி உண்டு. வெயிலில் அலைந்தவனிடம் பேச்சுக் கொடுக்காதே என்கிறோம். சூடு தலைக்கு ஏறிவிட்டது என்கிறோம். கோபத்துக்கும் வெப்பத்துக்கும் நாம் வேறு வேறு சொல் வைத்துக்கொள்ளவே இல்லை: கொதிக்கிறான், காய்கிறான், எரிந்து விழுகிறான். புழுக்கம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஈரம் நின்று உடம்பு அவிவதும் புழுக்கம். வெளியே சொல்ல முடியாத மனக்குறையும் புழுக்கம். நெல்லை வேகவைத்தால் புழுங்கல். உள்ளே ஈரமும் சூடும் சேர்ந்து வழியில்லாமல் நிற்கிற ஸ்திதிக்கு மொழி ஒரே சொல்லைக் கொடுத்திருக்கிறது. கவிதைக்கு இது நல்லது. தார்மீக விசாரணைக்கு நல்லதா என்பது வேறு கேள்வி. உவமை ஓரிடத்தில் மெல்லக் காரணமாக மாறிவிடுகிறது. வெயில் 'போல' கோபம் என்பது வெயில்'ஆல்' கோபம் என்று ஆகிவிடுகிறது.

வெயிலைக் காரணம் காட்டிய மிகப் பிரசித்தமான ஆள் காம்யுவின் மெர்ஸோ. 1942இல் வந்த நாவல், வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் 'அந்நியன்' என்று நம்மில் பலர் படித்தது. கோர்ட்டில் ஏன் கொன்றாய் என்று கேட்டதற்கு அவன் சூரியனைச் சொல்கிறான்; கோர்ட் சிரிக்கிறது. சிறுபத்திரிகை வட்டாரத்தில் நாம் அந்தச் சிரிப்புக்கு எதிராகவும் மெர்ஸோவின் பக்கமும் நின்று பழகியவர்கள். அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் அவன் குற்றம் என்று பேசியிருக்கிறோம். அன்று இரவு அந்தக் கடற்கரைப் பகுதியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இதுவரை கண்ணில் படாத ஒன்று பட்டது. அந்த அரபு மனிதன் படுத்திருப்பது பாறையோரத்து நிழலில். தலை மட்டும் நிழலில், உடம்பு வெயிலில். பக்கத்தில் ஊற்று. மெர்ஸோ திரும்பி வருவது அந்த நிழலுக்கும் ஊற்றுக்கும். வந்து பார்த்தால் அங்கே ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான். வெயில் இருவருக்கும் பொது. நிழல்தான் ஒன்று. அபத்தத்தைப் பற்றிய நாவல் என்று நாம் சொல்லிவந்தது, அந்தப் பக்கத்தில், ஓர் இடத்தகராறாக இருக்கிறது. செத்தவனுக்கு நாவலில் பெயர் கிடையாது. 2013இல் அல்ஜீரியாவிலிருந்து கமெல் தாவூத் எழுதிய எதிர்நாவல்தான் அவனுக்கு மூஸா என்று பெயர் வைத்தது.

மெர்ஸோவின் வாக்குமூலத்தை என் கவுண்டருக்குக் கொண்டுவந்து பார்க்கிறேன். வெயில்தான் காரணம் என்றால் அது எல்லோர் மேலும் ஒரே மாதிரி வேலை செய்திருக்க வேண்டும். அந்த அம்மாளுக்குப் பத்து நிமிஷம் முன்னால், அதே புழுக்கத்தில், ஓர் ஆச்சி டெபாசிட்டைப் புதுப்பிக்க வந்திருந்தார்கள். அவர்களிடமும் ஒரு காகிதம் குறைந்தது. 'உட்காருங்க ஆச்சி, ரெண்டே நிமிஷம்' என்று எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். குறைந்த காகிதத்தை, சாயங்காலம் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள் என்று விட்டுவிட்டேன். என் உடம்பில் அப்போது ஓடியது அதே வேர்வைதான். வெயிலுக்கு ஆச்சி யார், கூலி வேலைக்குப் போய் விரல் ரேகை தேய்ந்த ஆத்தா யார் என்று தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது.

இங்கேயே நிறுத்திவிட்டால் கட்டுரை சுலபம். வெயில் ஒரு சாக்கு, உள்ளே இருப்பது ஜாதியும் வர்க்கமும் என்று முடித்துவிடலாம். அப்படி முடிகிற கட்டுரைகளை நான் நிறைய படித்திருக்கிறேன், இரண்டொன்று எழுதியுமிருக்கிறேன். ஆனால் அதுவும் முழு உண்மையில்லை. மின்விசிறி ஓடியிருந்தால் அந்தச் சொல் என் வாயில் வந்திராது. இது எனக்கு நிச்சயம். மார்கழியிலும் எனக்கு அதே ஜாதிதான், அதே படிப்புதான், அதே நாற்காலிதான். மார்கழியில் நான் எல்லோரையும் 'வாங்க' என்றுதான் சொல்கிறேன். ஆக, வெயில் இல்லாமல் அது நடந்திராது. வெயிலால் மட்டும் அது நடக்கவில்லை. என் மரியாதை ஒரு மெல்லிய பூச்சு, அது இத்தனை டிகிரிக்கு மேல் இளகும் என்பதும், இளகினால் யார் பக்கம் வழியும் என்பது முன்பே வாட்டம் பார்த்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் தெரிந்தது. தெரிந்தது சந்தோஷமான விஷயமல்ல.

பூமணியின் நாவலுக்கு 'வெக்கை' என்று பெயர் (1982). அதிலும் ஒரு கொலை, செய்பவன் பையன். ஆனால் அந்த நாவலில் யாரும் சூரியன் மேல் பழி போடுவதில்லை. தலைப்பிலுள்ள வெக்கை வானத்திலிருந்து இறங்கியதல்ல. அண்ணனைப் பறிகொடுத்த ஒரு குடும்பத்துக்குள் மூட்டப்பட்டது. கரிசல்காட்டு வெயிலை நன்றாக அறிந்த எழுத்தாளர் வெயிலுக்கு அந்தப் பொறுப்பைக் கொடுக்கவில்லை. காம்யுவைவிடப் பூமணி இந்த ஒரு விஷயத்தில் கறாரானவர் என்பது என் அபிப்பிராயம்.

வெப்பத்துக்குப் பொறுப்பைக் கொடுத்தவர்கள் தத்துவவாதிகள். மாண்டெஸ்க்யூ ஓர் ஆட்டு நாக்கை உறையவைத்து, அதன் மேலுள்ள சிறு மொட்டுகள் குளிரில் சுருங்கி மறைவதைப் பார்த்தார். அதிலிருந்து, குளிர்நாட்டான் உறுதியானவன், வெப்ப நாட்டான் சோம்பியவன், கோழை என்று கிளம்பி இந்தியா வரை வந்துவிட்டார். 1748இல் வெளிவந்த அவருடைய சட்டங்களைப் பற்றிய நூலில் இது இருக்கிறது. இந்தியாவுக்கு அவர் வந்ததில்லை. ஆட்டு நாக்கே போதுமாக இருந்தது. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அடுத்த பாகத்திலேயே, வெப்பம் உடலைத் தளர்த்துகிற நாடுகளில் தண்டனை பயத்தில்தான் மனிதன் வேலை செய்வான், அங்கே அடிமைமுறை பகுத்தறிவை அவ்வளவாக உறுத்தாது என்கிறார். அடிமைமுறையை எதிர்த்தவர் என்று பெயர் வாங்கியவர். வெயில் நியாயம் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு இது அளவு.

ஜப்பானிய சிந்தனையாளர் வாட்சுஜி இன்னும் நுட்பமானவர். 1927இல் ஜெர்மனிக்குக் கப்பலில் போகிற வழியில் நம் பக்கத்துப் புழுக்கத்தை உடம்பில் அனுபவித்து, 1935இல் தட்பவெப்பத்தையும் மனித இருப்பையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஈரப்பதம் சூட்டைவிடச் சகிக்க முடியாதது, ஆனாலும் அதை எதிர்க்க மனிதனுக்குத் தோன்றாது, ஏனென்றால் அந்த ஈரமே பயிரும் உயிரும் தருவது. ஆகவே பருவக்காற்று நாட்டு மனிதன் ஏற்பவன், பணிபவன் என்கிறார். முதல் பாதி பிரமாதம். இந்த ஊரில் சில நாள் சாயங்காலம் தொண்டிப் பக்கமிருந்து கடல்காற்று வரும்போது வெக்கை இறங்கி இறுக்கம் ஏறுவதை உணர்ந்த எவனும் அதை ஒப்புக்கொள்வான். இரண்டாம் பாதியில் அவர் கப்பலை விட்டு இறங்கவில்லை என்று தோன்றுகிறது. பணிவது யார், யாருக்கு என்று பார்த்திருந்தால், அதே புழுக்கத்தில் பணியாத பலரையும் பார்த்திருக்கலாம். பங்காவுக்குக் கீழே உட்கார்ந்தவனுக்கும் அதன் கயிற்றை இழுத்தவனுக்கும் சீதோஷ்ணம் ஒன்றுதான்.

காலனி ஆட்சியில் வெள்ளைக்காரர் அடித்து வேலையாள் செத்துப்போனால், அடியால் அல்ல, வீங்கிய மண்ணீரல் வெடித்ததால் என்று டாக்டர் சர்டிபிகேட் வரும். ஆக்ராவில் ஃபுல்லர் என்ற வக்கீல் தன் குதிரைக்காரரை அடித்து, அவர் இறந்துபோனார். தண்டனை முப்பது ரூபாய் அபராதம். 1876இல் வைஸ்ராய் லிட்டனே அதைக் கண்டித்து எழுத வேண்டிவந்தது. அடித்தவன் பக்கம் சீதோஷ்ணம், அடிபட்டவன் பக்கம் மண்ணீரல். நடுவில் மனிதர்கள் இல்லை. 'விடுங்க சார், வெயில் அப்படி' என்ற என் நண்பரின் அன்பான வாக்கியத்துக்கு இப்படியும் உறவுக்காரர்கள் உண்டு.

சரி, வெயிலைக் காரணமாக ஏற்கக் கூடாது, சகித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லலாமா? நம்மிடம் சகிப்புக்கும் பஞ்சமில்லை. 'பழகிப் போச்சு' என்பதுதான் இந்த ஜில்லாவின் தேசிய கீதம். (நுங்கு, நீர்மோர், வெட்டிவேர், மண்பானை பற்றி வாரப் பத்திரிகைகள் வருஷந்தோறும் எழுதுகின்றன; நான் சேர்க்க ஒன்றுமில்லை.) கீதையிலேயே, குளிரும் வெப்பமும் புலன்களின் தொடர்பால் வருபவை, வந்து போகிறவை, ஆகவே பொறுத்துக்கொள் என்ற உபதேசம் இருக்கிறது. அந்த உபதேசம் நிற்பது 'போகிறவை' என்ற சொல்லின் மேல். நான் குடியிருப்பது கான்கிரீட் தளத்துக்குக் கீழே ஒரு மாடி போர்ஷன். பகல் முழுக்கக் குடித்த சூட்டைத் தளம் ராத்திரி முழுக்கக் கக்குகிறது. இரண்டு மணிக்குச் சுவரைத் தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருக்கும். இங்கே வெப்பம் வருகிறது, போவதில்லை.

உடம்பும் ஓரளவுக்குப் பழகத்தான் செய்கிறது. வெயிலில் வேலை செய்பவனுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் வேர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் சுரக்கத் தொடங்கும், அதில் உப்பு குறையும். ஆனால் வேர்ப்பதால் உடம்பு குளிர்வதில்லை. வேர்வை உலர்வதால் குளிர்கிறது. காற்றில் ஈரம் நிரம்பிவிட்டால் அது உலராது, சொட்டும். தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றி எடுக்கிற அளவு 35 டிகிரியைத் தொட்டு ஆறு மணி நேரம் நின்றால், நிழலில், தண்ணீரோடு, சும்மா உட்கார்ந்திருக்கிற திடகாத்திரமான மனிதனும் பிழைப்பது அரிது என்று 2010இல் ஷெர்வுட், ஹூபர் என்ற இருவர் கணக்கிட்டார்கள். 2022இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது, ஈரமான காற்றில் எல்லை 31 டிகிரி அருகிலேயே வந்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சி விஞ்ஞான அதிர்ச்சியல்ல. பொறுமை என்ற குணத்துக்கு ஓர் எண் இருக்கிறது என்பதுதான். அந்த எண்ணுக்கு மேலே ஞானியும் வேர்வை உலராமல்தான் சாவான். அதற்குக் கீழே மட்டும் சகிப்பு ஒரு தர்மம். அங்கேயும், யார் எவ்வளவு சகிக்க வேண்டும் என்பதை யார் பங்கிட்டது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

வானிலை இலாகாவின் வெப்ப அலை வரையறையில் சமவெளிக்கு 40 டிகிரி, கடலோரத்துக்கு 37 என்று இருக்கிறது. ஈரத்துக்கு அதில் இடமில்லை. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. செத்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம். நல்லது. வெயிலில் செத்ததாக எழுதித் தர ஒரு டாக்டர் வேண்டும். நம் ஊரில் வயதானவர்கள் எப்போதும் மாரடைப்பில்தான் சாகிறார்கள்.

பங்கீடு என்றேன். செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு அதைப் பேசாமல் இருக்க முடியாது. இங்குள்ள பெரிய வீடுகள் வெப்பத்துக்கு எதிராக மனிதன் எழுதிய மிக விஸ்தாரமான வாதம். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற நீளம். முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரே கோட்டில் வாசல்கள். வரிசையாக முற்றங்கள், சூடான காற்று மேலே போக. கனத்த சுவர், அதன்மேல் சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த பூச்சு. காலுக்குக் கீழே, சூளையில் வைக்காமல் கண்ணாடிமேல் வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்த ஆத்தங்குடிக் கல். என் தகப்பனார் அப்படி ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர். சொந்தக்காரர்கள் சென்னையில், கல்யாணத்துக்கும் படைப்புக்கும் வருவார்கள். கோடை விடுமுறையில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது முதல் கட்டுத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வேன். இரண்டாம் கட்டுக்குள் போகக் கூடாது. அங்கே யாரும் இல்லை. மே மாதம் முழுக்க அந்தக் குளிர்ச்சி பூட்டிய அறைகளில் ஒருவருக்கும் இல்லாமல் இருந்தது.

அந்தக் குளிர்ச்சியின் விலை பர்மாவில் கொடுக்கப்பட்டது. 1930இல் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் 6 சதவீதம் செட்டியார்களிடம் இருந்தது. நெல் விலை சரிந்து கடன்கள் முழுகியதும், 1938க்குள் அது 25 சதவீதம். நிலத்தை இழந்தவன் அங்கே எந்த நிழலில் நின்றான் என்று இங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். செட்டியார்களை மட்டும் குறை சொல்வது என் நோக்கமல்ல; வெள்ளைக்கார வங்கியின் பணமும் அந்தக் கடனுக்குப் பின்னால் இருந்தது, நானும் வட்டியில் சம்பளம் வாங்குகிறவன்தான். திண்ணையைச் சொல்வார்கள்: வழிப்போக்கனுக்காகக் கட்டியது என்று. உண்மை. எந்த வழிப்போக்கன் ஏறலாம் என்பதும் அதோடு சேர்த்துக் கட்டப்பட்டது. இப்போது பல வீடுகளில் திண்ணைக்குக் கம்பிக் கதவு போட்டாயிற்று. அந்த மட்டில் சமத்துவம் வந்துவிட்டது.

நானும் போன வருஷம் தவணையில் ஏ.சி. வாங்கினேன். படுக்கையறைச் சுவருக்கு வெளியே தொங்குகிற அதன் பெட்டி பக்கத்துக் காம்பவுண்டில் இஸ்திரி போடுகிறவரின் தகரக் கொட்டகையைப் பார்த்திருக்கிறது. ஒரு ராத்திரி மாடிப்படியில் நின்றபோது அதன் அனல் முகத்தில் அடித்தது. அது குளிரை உண்டாக்குவதில்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். உள்ளே இருக்கிற சூட்டை வெளியே கொண்டுபோய்ப் போடுகிறது, தன் சூட்டையும் சேர்த்து. பெட்டியைத் திருப்பி மாட்ட முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். வேறு பக்கம் சுவர் இல்லை சார் என்றார். பகல் முழுக்கக் கரிப்பெட்டியோடு நிற்கிற அந்த அண்ணனிடம் இதைப் பற்றி நான் இன்னும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. காலையில் வணக்கம் சொல்கிறோம்.

அந்த அம்மாள் இரண்டு மணிக்கு மேல் திரும்பி வந்தார். மின்சாரம் வந்திருந்தது. ஜெராக்ஸ் கடைத் தாழ்வாரத்தில் இவ்வளவு நேரமும் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். கையில் நகல், வேர்வையில் ஓரம் சுருண்டு. நான் எழுந்து, 'உட்காருங்க ஆத்தா. அப்ப அப்படிப் பேசியிருக்கக் கூடாது' என்றேன். தண்ணீர் கொடுத்தேன். இருந்தபடியே குடித்துவிட்டு, 'இருக்கட்டும் தம்பி. இந்த வெயிலுக்கு யாருக்குத்தான் கோவம் வராது? விடுங்க' என்றார்.

என் நண்பர் சொன்ன அதே வாக்கியம்தான். அவர் வாயிலிருந்து வந்தபோது எனக்கு அது வேறாகக் கேட்டது. நான் எடுத்துக்கொண்டால் திருட்டாக இருந்தது, அவர் எடுத்துக் கொடுத்ததால் என்னுடையதாகிவிட்டது என்று அன்று சமாதானம் செய்துகொண்டேன். இப்போது அந்தச் சமாதானமும் ஆட்டம் காண்கிறது. அடுத்த மாதமும் அவருக்கு என் கவுண்டர் வேண்டும். கணக்கு என் கையில். இந்த நிலையில் ஒருவர் கொடுக்கிற மன்னிப்பில் எவ்வளவு மன்னிப்பு, எவ்வளவு முன்ஜாக்கிரதை என்று பிரித்துப் பார்க்க எனக்கு உரிமையில்லை. பிரிக்காமல் வாங்கிக்கொள்ளவும் தைரியமில்லை.

பணத்தை எண்ணி முந்தியில் முடிந்துகொண்டு போனார். அதற்குப் பிறகு மாதாமாதம் வருகிறார். நான் 'வாங்க ஆத்தா' என்கிறேன். சலானை நீட்டுவதற்கு முன்னால் அவர் ஒரு தடவை தலையைத் தூக்கி மேலே பார்க்கிறார், மின்விசிறி சுற்றுகிறதா என்று.